மாயக் கதைகளுக்கு மாற்றுப் பார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அது பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து முட்டிக்கொள்கிறது. பெரியவர்கள் 'பொன்னியின் செல்வன்' என்கிறார்கள். பிள்ளைகள் 'ஹாரி பாட்டர்' என்கிறார்கள். "கோலை ஆட்டினா விளக்கு எரியுதாம், இதெல்லாம் ஒரு இலக்கியமா?" என்று பெரியவர் கேட்டால், "உங்க கதையில சுரங்கப் பாதையில ஒளிஞ்சு நின்னு ஒட்டுக் கேக்கிறது மட்டும் இலக்கியமா?" என்று பிள்ளை திருப்பிக் கேட்கிறது. இரண்டு பேர் கேட்பதும் நல்ல கேள்விதான். ஆனால் பதிலைத் தேடாமல் இரண்டு பேருமே எழுந்து போய்விடுகிறார்கள்.

மைசூர் மைன்ஸ் என்னும் நமது கோலார் தங்கவயலில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களே இந்த ஊரின் தமிழைக் காப்பாற்றின. ரயிலில் வந்த வாரப் பத்திரிகையை ஒருவர் வாங்க, நாலு வீடு படித்தது. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது அந்தக் காலத்து வழக்கம். இன்று பிள்ளைகள் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ படிக்கிறார்கள். வேலைக்கு விடியற்காலையில் பெங்களூர் ரயில் ஏறுகிறார்கள். தமிழ் அவர்கள் வாயில் இருக்கிறது, கண்ணில் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளையிடம் ஒரு கதையின் தரத்தைப் பற்றி நாம் சொல்லும் சொல், அது தமிழ்ப் புத்தகத்தைத் தொடுமா தொடாதா என்பதையே தீர்மானித்துவிடும். ஆகவே சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், வழக்கை முறையாக விசாரிப்போம்.

சீமையில் நடந்த வழக்கு

ஜே.கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் கதை 1997 முதல் 2007 வரை ஏழு புத்தகங்களாக வெளிவந்தது. விற்பனை எந்த அளவுக்குப் போனது என்றால், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2000ஆம் ஆண்டில் குழந்தைகள் நூல்களுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே தொடங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் ஹெரால்ட் ப்ளூம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் கடுமையாக எழுதினார். தேய்ந்த சொற்றொடர்களே பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. 'எதையாவது படித்தால் போதாதா' என்ற சமாதானத்தையும் அவர் ஏற்கவில்லை. 2003இல் ஏ.எஸ். பயட் என்ற ஆங்கில நாவலாசிரியை, இது பழைய குழந்தைக் கதைகளின் துண்டுகளை ஒட்டிச் செய்த உலகம் என்றும், பெரியவர்களும் இதைப் பிடித்துக்கொண்டிருப்பது குழந்தைப் பருவத்து ஆறுதலைத் தேடுவதே என்றும் எழுதினார்.

இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. 1999ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் பரிசில் ஹாரி பாட்டரின் மூன்றாம் புத்தகம் குழந்தை நூல் பரிசைப் பெற்றது. ஆனால் ஆண்டின் சிறந்த நூல் என்ற பெரிய பரிசு, மிகக் குறுகிய வாக்கு வித்தியாசத்தில், சீமஸ் ஹீனி செய்த 'பேவுல்ஃப்' மொழிபெயர்ப்புக்குப் போனது. பேவுல்ஃப் என்றால் என்ன? ஆயிரம் வருஷத்துக்கு முற்பட்ட பழைய ஆங்கிலக் காவியம். அதிலும் பூதம் உண்டு, பூதத்தின் தாய் உண்டு, நெருப்புக் கக்கும் நாகம் உண்டு! அப்படியானால் தோற்ற புத்தகம் மாயத்தினால் தோற்கவில்லை. வென்ற புத்தகத்திலும் அதே மாயம்தான் இருந்தது. அந்தக் காவியத்தைப் பற்றி 1936இல் ஓர் உரை நிகழ்த்திய டோல்கீன் என்ற பேராசிரியர், பூதங்களைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்காதீர்கள், காவியத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று வாதாடினார். பிறகு அவரே 'மோதிரங்களின் தலைவன்' கதையை எழுதியபோது, எட்மண்ட் வில்சன் என்ற விமரிசகர் 1956இல் அதைக் கேலி செய்தார். எனவே இது ரௌலிங் அம்மையாரோடு தொடங்கிய வழக்கு அன்று.

தமிழில் நடந்த வழக்கு

நம் பக்கம் வருவோம். 'பொன்னியின் செல்வன்' மாயக் கதை இல்லை, சரித்திரக் கதைதானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனாலும் வால்நட்சத்திரமும், மந்திரவாதி வேஷத்தில் வரும் ரவிதாஸனும், நந்தினியின் மோகன சக்தியும், பாதாளப் பொக்கிஷ நிலவறையும் உள்ள கதை அது. சரித்திரம் அஸ்திவாரம், மேல்கட்டடம் முழுக்கக் கற்பனை. மாயக் கதைக்கு அது பங்காளி முறை.

1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மூன்றரை ஆண்டு, கல்கி பத்திரிகையில் மணியம் ஓவியங்களோடு அது வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்று ஐந்து பாகம். தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் கல்கி காலமானார். 2022லும் 2023லும் மணிரத்னம் இரண்டு பாகமாகப் படம் எடுத்த பிறகு, தமிழ் எழுத்துத் தெரியாத நம் பிள்ளைகளுக்கும் வந்தியத்தேவன் பெயர் தெரிந்துவிட்டது.

இந்த நூலைப் பெரும்பாலான தமிழ் வாசகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடியபோது, க.நா. சுப்ரமண்யம் போன்ற விமரிசகர்கள் அப்படிக் கொண்டாட மறுத்தார்கள். வாரத்துக்கு வாரம் ஆவலைத் தூண்டி நிறுத்துகிற தொடர்கதை எழுத்து வாசகனின் ருசியை மழுங்கடித்துவிட்டது என்பது அவர் கட்சி. புதுமைப்பித்தனும் கு.ப.ராஜகோபாலனும் மௌனியும் எழுதிய தமிழில் இதை எந்த வரிசையில் வைப்பது என்பது அந்தத் தரப்பின் கேள்வி. இதைப் பொறாமை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. சில நூறு பேர் மட்டும் படித்த சிறுகதைகளில்தான் தமிழ் உரைநடை புதிய ஆழத்தைக் கண்டது என்பது உண்மை.

கல்கியும் இந்த மாதிரி நியாய சபையில் உட்கார்ந்தவர்தான் என்பது இன்னொரு சுவையான செய்தி. 1930களின் நடுவில் பாரதி மகாகவியா, தேசிய கவி மட்டுமா என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. வ.ரா.வும், கு.ப.ரா.வும், சிட்டியும் மகாகவி என்றார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுக்கத் தயங்கிய பக்கத்தில் நின்றவர் கல்கி. கு.ப.ரா.வும் சிட்டியும் எழுதிய பதில்கள் 1937இல் 'கண்ணன் என் கவி' என்ற நூலாயின. பிறகு எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழும்ப முன்னால் நின்று உழைத்தவரும் அதே கல்கிதான். ஆகவே தரம் பற்றிக் கேள்வி கேட்பது எழுத்தாளனை அவமதிப்பது ஆகாது. தம் நூல்களில் ஏதாவது ஒன்று நெடுங்காலம் நிற்குமானால் அது 'அலை ஓசை'யாகத்தான் இருக்கும் என்று கல்கி அந்நூல் முன்னுரையில் எழுதினார். சாகித்ய அகாதெமி பரிசும் அவர் மறைவுக்குப் பின் 1956இல் அந்த நூலுக்கே கிடைத்தது. ஜனங்கள் தேர்ந்தெடுத்தது வேறு நூல். ஆசிரியன் கணக்கு ஒன்று, சந்தைக் கணக்கு ஒன்று.

அதற்கும் முந்தைய வழக்கு

இப்படிப்பட்ட வழக்கு தமிழுக்குப் புதிதா என்றால் இல்லை. எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழைய வழக்கு ஒன்று உண்டு. திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் பாடிய சீவக சிந்தாமணி, பதின்மூன்று இலம்பகம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்டது. பறக்கும் மயிற்பொறி, வித்தியாதரர் உலகம், வேண்டிய உருவம் எடுக்கும் மந்திரம், நாயாக இருந்து தேவனாகி நன்றி மறவாமல் வந்து உதவும் நண்பன், வரிசையாகத் திருமணங்கள் என்று எல்லாம் நிறைந்த கதை. மணநூல் என்றே அதற்கு ஒரு பெயர். சோழ அரசன் இதில் மயங்கிக் கிடந்ததாகவும், அமைச்சராயிருந்த சேக்கிழார் இது இம்மைக்கும் மறுமைக்கும் உதவாது என்று எடுத்துச் சொல்லி அடியார் வரலாற்றைப் பாடியதாகவும், உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணம் கூறுகிறது.

அங்கே நடந்த சண்டை சமயச் சண்டை. அதை இப்போது கிளற வேண்டியதில்லை. அந்தச் சண்டையால் பெரிய புராணம் என்ற பெரிய நூல் நமக்குக் கிடைத்தது, அது தமிழுக்கு லாபமே. கவனிக்க வேண்டியது இதுதான்: 'இது நல்ல நூல் இல்லை' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் உண்மையில் எதைச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். 'என் சமயத்து நூல் இல்லை', 'என் வயசுக்கு ஏற்றதில்லை', 'எல்லாரும் படிக்கிறார்கள், அதனால் எனக்கு வேண்டாம்' என்று பல சரக்கு அந்த ஒரே மூட்டையில் வரும். பிரித்துப் பார்க்காமல் விலை சொல்லக் கூடாது.

சிந்தாமணி என்ன ஆனது? விருத்தம் என்னும் பாவினத்தில் ஒரு பெருங்காவியமே நடக்கும் என்று காட்டியது அதுதான். கம்பரே அதிலிருந்து ஓர் அகப்பை முகந்துகொண்டதாக ஒத்துக்கொண்டார் என்று செவிவழிக் கதை உண்டு. நச்சினார்க்கினியர் உரை எழுதினார். பிறகு, நூலின் பெயரே பலருக்கு மறந்துபோன காலத்தில், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்வியால் உ.வே. சாமிநாதையர் அதைத் தேடத் தொடங்கி, அவ்வூர்ச் சமணர்களிடம் மரபுச் செய்திகளைக் கேட்டுத் தெரிந்து, 1887இல் பதிப்பித்தார். அரசவையில் கொண்டாடப்பட்டதும், பொய்க்கதை என்று வைததும், மறந்ததும், மீட்டதும் ஒரே நூலுக்கு நடந்தன. ஜனங்களின் கைதட்டலும் பண்டிதரின் முகச்சுளிப்பும் இரண்டுமே கடைசித் தீர்ப்பு இல்லை என்பது இதனால் விளங்கும்.

உரைகல் எது?

அப்படியானால் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது? தங்கவயல்காரருக்கு இதை விளக்குவது எளிது. சுரங்கத்திலிருந்து வரும் கல்லைப் பார்த்து 'இது தங்கமா, இல்லையா' என்று யாரும் கேட்டதில்லை. 'டன்னுக்கு எத்தனை கிராம்' என்றுதான் கேட்டார்கள். கடைசிக் காலத்தில் அது மூன்று நான்கு கிராமுக்கு இறங்கியதால்தான் கட்டுப்படியாகாமல் போயிற்று. நூலுக்கும் 'இலக்கியமா, இல்லையா' என்று ஒரே வெட்டாகக் கேட்காமல், எதில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதே முறை. வியாபாரி என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். விற்பனை வேறு, மாற்று வேறு. நிறைய விற்றது என்பதால் மாற்று ஏறாது, இறங்கவும் இறங்காது. நான் மூன்று இடத்தில் உரசிப் பார்க்கச் சொல்லுவேன்.

முதலாவது மொழி. கல்கியின் தமிழ் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற தமிழ். கிண்டலும் பரிவும் கலந்தது. வடமொழி அடுக்கும் பண்டிதக் கடுமையும் இல்லாமல் சரித்திரத்தைச் சொல்ல முடியும் என்று காட்டியது பெரிய தொண்டு. வீராணம் ஏரிக்கரையில் ஆடிப் பெருக்கன்று தொடங்கும் அந்த முதல் அத்தியாயத்தில் ஊரும் நீரும் ஜனங்களும் கண்முன் வருகிறார்கள். ஆனால் வாரா வாரம் எழுதியதால் சொன்னதைத் திருப்பிச் சொல்லுவதும், அத்தியாய முடிவில் கொக்கி போடுவதும் ஏராளம். புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது அது அலுக்கிறது. ரௌலிங் எழுத்தைப் பற்றி ப்ளூம் சொன்ன குறையிலும் உண்மை உண்டு. வாக்கியத்துக்காக அவரை யாரும் படிப்பதில்லை. பெயர் வைப்பதிலும், ஒரு பள்ளிக்கூடத்தைக் கூரை முதல் நிலவறை வரை கட்டி நிறுத்துவதிலும்தான் அவர் கைவண்ணம்.

இரண்டாவது மனிதர்கள். அருள்மொழிவர்மரிடம் குறையே இல்லை; குந்தவையிடமும் இல்லை. குறையில்லாதவர்களை வணங்கலாம், பழக முடியாது. வந்தியத்தேவனைப் பார்த்தால் சந்தோஷம் வருகிறது. ஆனால் முதல் பாகத்தில் குதிரை ஏறியவன் ஐந்தாம் பாகத்தில் பெரிதாக மாறிவிடவில்லை. நந்தினி அப்படியில்லை. பிறப்பு எது, உரிமை எது என்று தெரியாமல், அன்பும் பழியும் ஒரே நெஞ்சில் எரிய நிற்கிறாள். கோடிக்கரையில் தனியாகப் படகோட்டும் பூங்குழலியும், பேசமுடியாத மந்தாகினியும் அவ்வாறே. கல்வெட்டில் இல்லாத இந்தப் பெண்களிடத்தில்தான் கல்கி மிக உண்மையாக எழுதினார் என்பது என் எண்ணம். ஆதித்த கரிகாலன் கொலையில் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. யார் கை கொன்றது என்பதைக் கல்கி தெளிவாக்காமல் விட்டது சாமர்த்தியமா, தப்பித்தலா என்று இன்றும் வாதாடலாம். நான் சாமர்த்தியம் என்ற பக்கம். கரிகாலனைத் தின்றது அவன் மனசுதான் என்று காட்டியபின் கத்தி யாருடையது என்பது சிறிய விஷயம்.

மூன்றாவதுதான் முக்கியம்: அற்புதம் எதற்குப் பயன்படுகிறது? மட்டமான மாயக் கதையில் கஷ்டம் வந்தால் மந்திரம் வந்து தீர்த்துவிடும். நல்ல மாயக் கதையில் மந்திரம் இருந்தும் கஷ்டம் தீராது. சிந்தாமணியில் சச்சந்தன் தானே செய்வித்த மயிற்பொறியில் கர்ப்பிணியான விசயையை ஏற்றி அனுப்புகிறான். பொறி பறக்கிறது, வித்தை பலிக்கிறது. ஆனால் பகைவனின் வெற்றி முரசு காதில் விழுந்து அவள் சோர, பொறி இறங்கும் இடம் சுடுகாடு. அரசகுமாரன் பிணக்காட்டில் பிறக்கிறான். இறந்த தன் குழந்தையை அடக்கம் செய்ய வந்த கந்துக்கடன் என்னும் வணிகன் அவனை எடுத்து வளர்க்கிறான். எத்தனை மணம், எத்தனை வெற்றி வந்தாலும், முத்தி இலம்பகத்தில் சீவகன் அரசை விட்டுத் துறவு பூணுகிறான்.

கல்கியின் கடைசிப் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர். ஜனங்கள் எல்லாரும் முடிசூட்ட நிற்கும்போது, அருள்மொழிவர்மர் கிரீடத்தை எடுத்து உத்தம சோழர் தலையில் வைக்கிறார். நாட்டைச் சித்தப்பனுக்கு விட்டுக்கொடுத்த செய்தி திருவாலங்காட்டுச் செப்பேட்டை ஒட்டியது. ரௌலிங்கின் முதல் புத்தகத்தில், ரசவாதக் கல்லைக் கண்டெடுக்க விரும்பி ஆனால் அதை உபயோகிக்க விரும்பாதவன் கையில்தான் கல் சேர்கிறது. ஏழாம் புத்தகத்தில் ஹாரி உலகத்திலேயே வலிய கோலை வேண்டாம் என்று விடுகிறான். செத்துப்போன தாய் தகப்பனைத் திருப்பித் தர எந்த மந்திரத்தாலும் முடியவில்லை.

மூன்று நூலும் மூன்று காலம், இரண்டு தேசத்துச் சரக்கு. மூன்றும் கடைசியில் அதிகாரத்தைக் கையில் கொடுத்து 'இதை விடுவாயா' என்று கேட்கின்றன. அந்த இடத்தில் மூன்றிலும் தங்கம் தெரிகிறது. சிந்தாமணியில் மொழியும் அதே உயரத்தில் இருப்பதால் அது காவியம். பொன்னியின் செல்வனில் மொழி சமவெளியில் நடக்கிறது, மனிதர்களில் பாதி பேர் உயிருள்ளவர்கள், முடிவு உயரமானது. ஆகவே அதை நல்ல கதைநூல் என்று தயங்காமல் சொல்லலாம். தமிழ் நாவலின் சிகரம் என்று சொல்லக் கூடாது. ஹாரி பாட்டரைக் குழந்தை இலக்கியத்தில் உயர்ந்த வரிசையில் வைக்கலாம். அதற்கு மேல் அதற்கு ஒரு நாற்காலி தேவையும் இல்லை.

இதே மூன்றாவது உரைகல்லில் நம் ஊர்ப் பெயர் தாங்கி 2018லும் 2022லும் வந்த சினிமாவையும் உரசிப் பார்க்கலாம். தங்கம் மின்னுகிறது, சுத்தியல் பறக்கிறது. ஆனால் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வேர்வை சிந்தி, சிலிக்கா தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு மேலே வந்த மனிதனை அதில் தேட வேண்டியிருக்கிறது. அற்புதம் மனிதனை மறைத்தால் அது வெறும் ஜிகினா.

வீட்டில் என்ன செய்யலாம்?

இந்தியில் தேவகி நந்தன் கத்ரி என்பவர் 1888இல் 'சந்திரகாந்தா' என்ற மாய ஜாலக் கதை எழுதினார். அதைப் படிப்பதற்காகவே பல பேர் தேவநாகரி எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்று இந்தி இலக்கிய வரலாறு பேசுகிறது. ஒரு ஜனரஞ்சகக் கதைக்கு அந்தச் சக்தி உண்டு. வெளிமாநிலத் தமிழருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

ஹாரி பாட்டர் படிக்கும் பிள்ளையைப் பார்த்துக் 'குப்பை' என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லிலிருந்து பிள்ளை தெரிந்துகொள்வது ஒன்றுதான்: தமிழ்ப் புத்தகம் என்பது கோபக்காரர்களின் சொத்து. 'உனக்கு அதில் யாரைப் பிடிக்கும், ஏன்?' என்று கேளுங்கள். பிறகு நந்தினியைப் பற்றி ஒரு அத்தியாயம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் போதும். காதால் கேட்டது பிடித்துவிட்டால், அடுத்த வாரம் என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ளப் பிள்ளையே எழுத்துக்கூட்டத் தொடங்கும். அந்த நாளில் லட்சக்கணக்கான பேரை அடுத்த இதழுக்குக் காத்திருக்க வைத்தது அந்தக் கொக்கிதான். விமரிசகர்கள் குறை சொன்ன அதே கொக்கி இங்கே நமக்குக் கைகொடுக்கும்.

அதே சமயம், படித்து முடித்த பிள்ளையிடம் 'இதற்கு மேல் தமிழில் எதுவும் இல்லை' என்றும் சொல்லிவிடாதீர்கள். க.நா.சு. பயந்தது இதற்குத்தான். ஐந்து பாகத்தை முடித்த கையோடு புதுமைப்பித்தனின் ஒரு சிறுகதையைக் கொடுங்கள். பதினாறு பதினேழு வயதில் சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைக் கதையாகச் சொல்லி, நாலு விருத்தம் ராகத்தோடு பாடிக் காட்டுங்கள். நம் சங்க நூலகத்திலும் இந்த வரிசையில் புத்தகங்களை அடுக்கி வைத்தால் நல்லது: ஒரு தட்டில் கல்கி, கைக்கு எட்டும் பக்கத்துத் தட்டில் புதுமைப்பித்தன், அதற்கடுத்து காப்பியங்கள்.

வாதம் தொடரட்டும். அப்பா கல்கி கட்சி, மகள் ரௌலிங் கட்சி என்று ஒரு தமிழ் வீட்டில் தமிழிலேயே சண்டை நடந்தால், அதில் யார் ஜெயித்தாலும் நமக்குச் சம்மதமே. எந்த நூலானாலும் முழுக்கப் படித்துவிட்டு, உரசிப் பார்த்துவிட்டு, மாற்றுச் சொல்லுங்கள் என்பதே அடியேன் விண்ணப்பம்.